தலைக்கணக்கு மட்டும் போதுமா?

ஒரு காட்டில் எத்தனை புலிகள் உள்ளன, எத்தனை யானைகள் உள்ளன என்பதே பொதுமக்கள் வனத்துறையினரிடம் முதலில் வினவுவது. விடையாக ஓர் எண் கிடைத்ததும் அவர்கள் மனநிறைவு அடைகின்றனர். சென்ற கணக்கெடுப்பைவிட எண் கூடியிருப்பின் மகிழ்ச்சி; குறைந்திருப்பின் கவலை. ஆயினும், அந்த எண்ணுக்குள் அடங்கிய உயிர்கள் எத்தகையவை என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

அவ்வினா எத்துணை முக்கியமானது என்பதற்குக் குஜராத் மாநிலத்துக் கச்சுப் பகுதியின் புல்வெளி சான்று பகர்கின்றது. தமிழில் கானமயில் என வழங்கும் பெரும் பறவை ஒரு காலத்தில் இந்தியாவின் வறண்ட வெளிகளில் பரவலாக வாழ்ந்தது. இன்று நாடு முழுவதிலும் காட்டில் எஞ்சியவை 150-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகின்றது. கச்சுப் புல்வெளியில் 2020-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சில கானமயில்கள் காணப்பட்டன. தலைக்கணக்கின்படி அங்கே இப்பறவை அழிந்துவிடவில்லை. ஆனால் அவை அனைத்தும் பெண் பறவைகள். ஆண் பறவை ஒன்றும் இல்லாத கூட்டத்தில் இடப்படும் முட்டை கருவுறுவதில்லை. எண் பூச்சியம் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அவ்விடத்துக் கானமயிலின் எதிர்காலம் தடைப்பட்டுவிட்டது என்பதே உண்மை.

விலங்குத் தொகையின் ஏற்றத்தாழ்வில் தற்செயலுக்கு உள்ள பங்கு யாது, தனித்தனி விலங்குகளிடையே உள்ள வேற்றுமை அத்தற்செயலைக் கூட்டுகின்றதா குறைக்கின்றதா என்பன உயிரியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்விகள். அவற்றுக்குக் கிடைத்துள்ள விடைகள் காட்டில் பணிபுரிவோருக்கும் வகுப்பறையில் கற்பிப்போருக்கும் ஒருங்கே பயன்படத் தக்கவை.

மணிகள் கற்பிக்கும் பாடம்

ஒரு கலயத்தில் 8 வெள்ளை மணிகளையும் 2 கறுப்பு மணிகளையும் இட்டுக் குலுக்குக. பாராமல் ஒரு மணியை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் கலயத்திலேயே இடுக. வெள்ளை வந்தால் ஒரு விலங்கு அவ்வாண்டு பிழைத்தது என்றும், கறுப்பு வந்தால் மடிந்தது என்றும் கொள்க. இவ்வாறு பத்து முறை எடுப்பின், பத்து விலங்குகள் கொண்ட ஒரு கூட்டத்தின் ஓர் ஆண்டு வாழ்க்கையை மேசையின் மீதே கண்டதாகும்.

ஒவ்வொரு விலங்கும் பிழைக்கும் வாய்ப்பு பத்துக்கு எட்டு என்பதால், சராசரியாக 8 விலங்குகள் எஞ்ச வேண்டும். ஆனால் வகுப்பிலுள்ள மாணவர் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்த்தால் சிலருக்கு 10 எஞ்சும். சிலருக்கு 6 எஞ்சும். கணக்கிட்டுப் பார்ப்பின், பாதியோ அதற்கும் குறைவோ மட்டுமே எஞ்சுவதற்கு நூற்றுக்கு 3-க்குச் சற்று மேற்பட்ட வாய்ப்பு உண்டு. அதாவது, ஒரே விதமாகப் பாதுகாக்கப்படும் முப்பது சிறு சரணாலயங்கள் இருப்பின், அவற்றுள் ஒன்றில் யாருடைய தவறும் இன்றி, நோயும் இன்றி, வேட்டையும் இன்றி, ஓர் ஆண்டில் பாதி விலங்குகள் மறையக்கூடும். அந்த ஒரு சரணாலயத்தின் அலுவலர் தம் பணியில் ஏதோ குறை நேர்ந்தது என்று கலங்கக்கூடும். பத்தும் பிழைத்த சரணாலயத்தின் அலுவலரோ தம் திறமையை எண்ணிப் பெருமை கொள்ளக்கூடும். இருவர் கருதுவதும் தவறாக இருக்கலாம்.

இவ்வகைத் தற்செயலின் கைவரிசை சிறு கூட்டத்தில்தான் பெரிதாகத் தெரியும். சராசரியிலிருந்து விலகும் வழக்கமான அளவு பத்து விலங்குகள் கொண்ட கூட்டத்தில் ஏறக்குறைய 1.3; சராசரியாகிய 8-இல் இது நூற்றுக்கு 16 பங்கு. நூறு விலங்குகள் கொண்ட கூட்டத்தில் எதிர்பார்க்கும் 80-க்கு விலக்கம் 4. அதாவது நூற்றுக்கு 5 பங்கு. பத்தாயிரம் கொண்ட கூட்டத்தில் 8,000-க்கு விலக்கம் 40. அது நூற்றுக்கு அரைப் பங்கே. பெருங்கூட்டத்தில் ஒருவரின் கெடுவாய்ப்பை மற்றொருவரின் நல்வாய்ப்பு ஈடுசெய்துவிடுகின்றது. சிறு கூட்டத்திலோ ஈடுசெய்யப் போதிய உயிர்கள் இல்லை.

மார்க் ஷாஃபர் என்னும் அமெரிக்க அறிஞர் 1981-இல் எழுதிய கட்டுரையில், சிறு விலங்குத் தொகைகளை அச்சுறுத்தும் நிச்சயமின்மையை நால்வகையாகப் பிரித்தார். பிறப்பிலும் இறப்பிலும் உயிர்தோறும் நேரும் தற்செயல் ஒன்று. மழை, இரை, நோய் முதலிய சூழ்நிலையின் மாற்றம் மற்றொன்று. வெள்ளம், தீ போன்ற பேரிடர் மூன்றாவது. மரபுக்கூறுகளில் நேரும் தற்செயலான இழப்பு நான்காவது. மேலே மணிகளால் காட்டியது முதல் வகை. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

ஆணும் பெண்ணும்

தனி உயிர்களிடையே உள்ள வேற்றுமைகளுள் யாவருக்கும் புலப்படுவது ஆண், பெண் என்னும் வேற்றுமை. நான்கு குட்டிகள் பிறந்தால் நான்கும் ஒரே பாலாக அமையும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இது அரிதான நிகழ்ச்சி அன்று. இருபது பிறந்தால் அவ்வாய்ப்பு 5,24,288-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆதலால் ஆயிரக்கணக்கில் வாழும் மான் கூட்டத்தில் இதுபற்றி எவரும் கவலைப்பட வேண்டுவதில்லை. பத்துக்குக் குறைந்த கானமயில் கூட்டத்திலோ இதுவே உயிர்ப் பிரச்சினையாகிவிடுகின்றது.

அமெரிக்க நாட்டின் மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவில் வாழ்ந்த ஹீத் கோழியின் வரலாறு இதற்கு நெடுநாளாக எடுத்துக்காட்டப்படுவது. 1908-இல் அத்தீவில் அதற்கெனக் காப்பிடம் அமைக்கப்பட்டது. அப்போது ஐம்பதளவில் இருந்த பறவைகள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டாயிரமாகப் பெருகின. 1916-இல் மூண்ட தீ பலவற்றை அழித்தது; அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டைகள் பெருமளவில் மடிந்தன. பின்னர் வல்லூறுகளும் கோழி நோயும் எஞ்சியவற்றைக் குறைத்தன. 1920-களின் இறுதியில் ஒரு டஜன் அளவே எஞ்சியபோது அவற்றுள் பெரும்பாலானவை சேவல்கள். 1932-இல் கடைசிச் சேவலும் மறைந்தது. இங்கே தீ சூழ்நிலையின் செயல். ஆனால் அது பெட்டைகளையே மிகுதியாகத் தாக்கியதால் எண் காட்டியதைவிட இழப்பு பெரிதாயிற்று.

பால் விகிதத்தைத் தீர்மானிக்கும் நாணயம் எப்போதும் சமமானதும் அன்று. நியூசிலாந்தின் காகாபோ என்னும் பறக்க இயலாத கிளி 1995-இல் 51 மட்டுமே எஞ்சியிருந்தது. பெட்டைகள் நன்றாக முட்டையிட வேண்டும் என்று அவற்றுக்குக் கூடுதல் உணவு அளிக்கப்பட்டது. ஆனால் கொழுத்த தாய்களுக்குச் சேவல் குஞ்சுகளே மிகுதியாகப் பிறந்தன என்பதை ஆய்வாளர் கண்டனர். ஒவ்வொரு தாயையும் எடையிட்டு, அதன் உடல்நிலைக்கு ஏற்ப உணவை அளந்து அளிக்கும் முறை அதன் பின்னரே கையாளப்பட்டது. 2002-ஆம் ஆண்டின் இனப்பெருக்கக் காலத்துக்குப் பின் தொகை 86 ஆக உயர்ந்தது. பறவைகளை எண்ணியவர்கள் ஒவ்வொன்றையும் அறிந்தும் வைத்திருந்தமையால் இத்திருத்தம் இயன்றது.

ஒரே குளிர், வேறு விளைவு

வயதும் பாலைப் போன்றே முக்கியமான வேற்றுமை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுக் கூட்டத்தில் ஹிர்த்தா என்னும் தீவு உளது. அங்கிருந்த மக்கள் குடிபெயர்ந்த பின், 1932-இல் அருகிலுள்ள சோயே தீவிலிருந்து 107 செம்மறியாடுகள் ஹிர்த்தாவில் கொண்டுவந்து விடப்பட்டன. மேய்ப்பரும் இன்றி, வேட்டை விலங்கும் இன்றி அவை காட்டுத்தனமாக வாழ்கின்றன. 1985 முதல் ஆய்வாளர்கள் அவற்றுள் மிகப் பலவற்றுக்குக் காதில் அடையாள வில்லை பொருத்தி, பிறப்பு முதல் இறப்பு வரை பதிவு செய்துவருகின்றனர். ஆடுகளின் தொகை சில ஆண்டுகளில் 2,000-ஐக் கடக்கும். ஒரே குளிர்காலத்தில் பாதிக்கும் மேல் மடிவதும் உண்டு.

தொடக்கத்தில் இது அறிஞர்களுக்குப் புதிராக இருந்தது. ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை உள்ள இரு ஆண்டுகளில், ஒரே வகையான கடுங்குளிர் வந்தபோதிலும், விளைவு வேறுபட்டது. 2001-இல் வெளியான ஆய்வு இப்புதிரை விளக்கியது. குட்டிகளும், முதிர்ந்த ஆடுகளும், கிடாக்களும் குளிரில் எளிதில் மடிகின்றன. நடுவயதுப் பெண்ணாடுகளோ பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே, தொகையில் எவ்வகை ஆடுகள் எத்தனை உள்ளன என்பதை அறிந்தால்தான் குளிரின் விளைவைக் கணிக்க இயலும். மொத்த எண்ணை மட்டும் நோக்குவோருக்குத் தற்செயல் போலத் தோன்றியதில் ஒரு பகுதி உண்மையில் தற்செயல் அன்று. தனி உயிர்களின் வேற்றுமையே அவ்வாறு தோன்றியது.

வேற்றுமை காக்கும் விதம்

ஒரே வயதும் ஒரே பாலும் உடைய விலங்குகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றுக்கு நீர்நிலைக்கு அருகில் நல்ல இடம் கிடைத்திருக்கும். மற்றொன்று ஊர் எல்லையில் கால்நடையை நம்பி வாழும். ஒன்று எச்சரிக்கை மிகுந்தது. மற்றொன்று துணிச்சல் மிகுந்தது. இத்தகைய வேற்றுமை தற்செயலின் ஆட்டத்தைக் கூட்டும் என்றே பலரும் எண்ணுவர். அமெரிக்க அறிஞர்களான புரூஸ் கெண்டலும் கார்டன் ஃபாக்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான ஒன்றைக் காட்டியது. பிழைப்பைப் பொறுத்தவரை, கூட்டத்தினுள் நிலையாக உள்ள வேற்றுமை தற்செயலின் ஆட்டத்தைக் குறைக்கக்கூடும் என்பதே அது.

கணக்கு எளியது. ஒரு விலங்கு பிழைக்கும் வாய்ப்பையும் மடியும் வாய்ப்பையும் பெருக்கினால் அவ்விலங்கால் விளையும் மாறுபாட்டின் அளவு கிடைக்கும். பத்து விலங்குகளுக்கும் பிழைக்கும் வாய்ப்பு 0.8 எனில், 0.8-ஐ 0.2-ஆல் பெருக்க 0.16, பத்துக்கும் சேர்த்து 1.6. இப்போது ஐந்து விலங்குகளுக்கு 0.95 எனவும், ஐந்துக்கு 0.65 எனவும் கொள்க. சராசரி அதே 0.8. ஆனால் முதல் ஐந்தால் விளைவது 0.2375, அடுத்த ஐந்தால் விளைவது 1.1375; இரண்டும் சேர்ந்து 1.375. மாறுபாடு குறைந்துவிட்டது. பாதியோ குறைவோ மட்டுமே எஞ்சும் வாய்ப்பும் நூற்றுக்கு 3-க்கு மேலிருந்து ஏறக்குறைய 2 ஆகத் தாழ்கின்றது.

காரணத்தைச் சிந்திப்பின் வியப்பு நீங்கும். உறுதியாகப் பிழைக்கும் விலங்கிடத்தில் தற்செயலுக்கு வேலையில்லை. உறுதியாக மடியும் விலங்கிடத்திலும் அவ்வாறே. இரண்டும் இயலக்கூடிய நடுநிலையில் உள்ள விலங்கே தற்செயலின் ஆடுகளம். எட்டு விலங்குகள் உறுதியாகப் பிழைத்து, இரண்டு உறுதியாக மடியும் எனில், சராசரி அதே 8 ஆக இருப்பினும் ஆட்டம் சிறிதும் இராது.

ஆயினும் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. வலியவை ஐந்து, எளியவை ஐந்து என்னும் கலவை ஆண்டுதோறும் நிலையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு விலங்கும் வலியதா எளியதா என்பதே தனித்தனியாகக் குலுக்கலில் அமையுமாயின், இந்நன்மை இராது. பத்தும் ஒன்றுபோன்ற கூட்டத்தில் காணும் அதே ஆட்டமே நிகழும். மேலும், எளியவை முன்னதாக மடிய, வலியவை எஞ்சுவதால் ஒரு தலைமுறையின் சராசரிப் பிழைப்பு ஆண்டுக்கு ஆண்டு உயர்வதும் உண்டு. அவ்வுயர்வைக் கண்டு காட்டின் நிலை சீரடைந்துவிட்டது என்று முடிவு செய்வது பொருந்தாது.

வேற்றுமை கெடுக்கும் விதம்

பிழைப்பில் நன்மை பயக்கும் வேற்றுமை இனப்பெருக்கத்தில் தீமை பயக்கலாம். ஐந்து பெண் புலிகள் உள்ள ஒரு காட்டில் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காலத்தில் இரு குட்டிகளை வளர்த்து ஆளாக்கினால் மொத்தம் பத்து. அவற்றுள் எது இறந்தாலும் எட்டுக் குட்டிகள் எஞ்சும். மற்றொரு காட்டில் ஒரு பெண் புலி ஆறு குட்டிகளையும், ஏனைய நான்கும் ஒவ்வொன்றையும் வளர்க்கின்றன எனக் கொள்க. மொத்தம் அங்கும் பத்தே. ஆனால் எளிய புலி ஒன்று இறந்தால் ஒன்பது எஞ்சும். அந்த ஒரு சிறந்த தாய் இறந்தால் நான்கே எஞ்சும். இரு காடுகளிலும் கணக்கேட்டில் பதிவாவது 'பெண் புலி, இறப்பு 1' என்னும் ஒரே வரிதான்.

இது கற்பனைக் கணக்கு எனினும் இத்தகைய தாய்கள் உண்மையில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் கழுத்துப்பட்டை அணிந்திருந்தமையால் 'காலர்வாலி' எனப் பெயர் பெற்ற பெண் புலி எட்டு ஈற்றில் 29 குட்டிகளை ஈன்றது. 2022 ஜனவரியில் அது முதுமையால் இறந்தது. அத்துணை ஈற்றுக் காலம் வாழும் வாய்ப்பு எல்லாப் புலிகளுக்கும் கிட்டுவதில்லை.

தாயின் வேற்றுமை குட்டிகளுக்கும் பொதுவாகிவிடுவதே இதனினும் பெரிய இடர். புலிக் குட்டிகள் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் தாயைச் சார்ந்தே வாழ்கின்றன. தாய் மடிந்தால் சிறு குட்டிகளும் மடியும். பத்துக் குட்டிகள் ஒவ்வொன்றும் பிழைக்கும் வாய்ப்பு பாதி என்றும், ஒன்றின் விதி மற்றொன்றைச் சாராது என்றும் கொண்டால், பத்தும் மடியும் வாய்ப்பு 1,024-இல் ஒன்றே. அதே பத்துக் குட்டிகள் ஐந்தைந்தாக இரு தாய்களைச் சார்ந்து, தாய் பிழைத்தால் ஐந்தும் பிழைத்து, மடிந்தால் ஐந்தும் மடியுமாயின், பத்தும் அழியும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சராசரியாக எஞ்சுவது இரு நிலையிலும் 5 தான். ஆனால் அழிவின் வாய்ப்போ 256 மடங்கு பெருகிவிட்டது. ஓரினத்தின் உயிர்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தால் கயிறு அறும்போது யாவும் வீழும்.

கயிறு தாயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கூடி வாழும் விலங்குகளுக்குக் கூட்டமே கயிறாகலாம். கிர் காட்டில் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரே பகுதியைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் நச்சுயிரி அச்சாவுகளுள் பலவற்றுக்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. ஒரே இரையை உண்டு, ஒன்றையொன்று நக்கி வாழும் சிங்கங்களுக்கு நோயும் பொதுவாகிவிடுகின்றது.

ஒரு தாயால் மீண்ட இனம்

நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் வாழும் கருநிற ராபின் 1980-இல் ஐந்தே பறவைகளாகக் குறைந்தது. அவற்றுள் பெட்டைகள் இரண்டு. அவற்றிலும் குஞ்சு பொரித்து வளர்க்க வல்லதாக விளங்கியது ஒன்றே. காலில் இடப்பட்ட நீல வளையத்தால் அது 'ஓல்டு புளூ' எனப்பட்டது. இவ்வினத்துப் பறவைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளே வாழும். ஓல்டு புளூவோ பதின்மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்தது. பிற பறவைகள் இறந்துபடும் வயதைக் கடந்த பின்னரே அதன் வெற்றிகரமான இனப்பெருக்கம் தொடங்கிற்று.

டான் மெர்ட்டன் என்னும் அலுவலரும் அவருடைய தோழர்களும் ஓல்டு புளூவின் முட்டைகளை எடுத்து டாம்டிட் என்னும் வேறோர் இனத்துச் சிறு பறவையின் கூட்டில் வைத்தனர். முட்டை இழந்த தாய் மீண்டும் முட்டையிட்டது. இவ்வாறு ஒரே பருவத்தில் இரு மடங்கு குஞ்சுகள் பெறப்பட்டன. இன்று 250-க்கும் மேற்பட்டுள்ள கருநிற ராபின்கள் யாவும் ஓல்டு புளூவின் வழிவந்தவை. ஐந்து என்னும் எண் அந்த இனத்தின் கதையைச் சொல்லவில்லை. அவ்வைந்தில் ஒன்றான ஒரு பெட்டையின் தனித்தன்மையே கதையைத் தீர்மானித்தது. 1980-இல் அது இறந்திருப்பின் கணக்கில் ஒன்றுதான் குறைந்திருக்கும். இனமோ முற்றும் அழிந்திருக்கும்.

இவ்வரலாற்றுக்கு ஒரு பின்னுரையும் உண்டு. 1984-இல் ஒரு பெட்டை தன் முட்டையைக் கூட்டின் நடுவில் இடாமல் விளிம்பில் இடுவதைப் பணியாளர் கண்டனர். விளிம்பில் கிடக்கும் முட்டை பொரிவதில்லை. அப்போது ஒவ்வொரு முட்டையும் பொன்னுக்கு நிகராதலால் பணியாளர் அதனைக் கூட்டின் நடுவே தள்ளி வைத்துக் காப்பாற்றினர். அப்பழக்கம் மரபு வழியே வருவது எனப் பின்னர்த் தெரியவந்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பெட்டைகள் அவ்வாறே முட்டையிடத் தலைப்பட்டன. முட்டையை நகர்த்துவதை நிறுத்திய பின் அப்பழக்கம் குறையலாயிற்று. தனி உயிரின் குறையும் சிறு கூட்டத்தில் விரைந்து பரவும் என்பதற்கு இது தக்க சான்று.

பன்னாவும் சரிஸ்காவும்

நம் நாட்டில் புலிகள் முற்றும் மறைந்த இரு காப்பகங்கள் இவ்வகையில் கருதத் தக்கவை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலி இல்லை என்பது 2005-இல் உறுதியாயிற்று. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் 2009-இல் அதே நிலை ஏற்பட்டது. இரண்டிலும் முதற்காரணம் தற்செயல் அன்று. வேட்டையாடிகளின் கொடுமையே ஆகும். ஆனால் அவற்றை மீட்கும் பணியில் தனி விலங்கின் பங்கு தெளிவாகக் காணப்பட்டது.

சரிஸ்காவுக்கு 2008 முதல் ரந்தம்பூரிலிருந்து புலிகள் கொண்டுவரப்பட்டன. 2010-இல் முதல் ஆண் புலி நஞ்சுண்டு இறந்தது. முதற்குட்டிகள் கண்ணில் பட்டதோ 2012-இல்தான். பன்னாவுக்கு 2009 மார்ச் மாதத்தில் பாந்தவ்கரிலிருந்தும் கான்ஹாவிலிருந்தும் ஒவ்வொரு பெண் புலியும், நவம்பரில் பெஞ்சிலிருந்து ஓர் ஆண் புலியும் வந்து சேர்ந்தன. அவ்வாண் புலி சில நாட்களில் காப்பகத்தை விட்டு வெளியேறித் தன் பழைய காட்டின் திசை நோக்கி நடக்கத் தொடங்கிற்று. பணியாளர்கள் யானைகளுடனும் வானொலிக் கருவிகளுடனும் வாரக்கணக்கில் அதனைப் பின்தொடர்ந்து, மயக்க ஊசியிட்டு, மீண்டும் பன்னாவில் விட்டனர். 2010 ஏப்ரலில் பன்னாவில் நான்கு குட்டிகள் பிறந்தன.

இரு இடங்களின் வேறுபாட்டுக்கு ஊர்களின் நெருக்கம் முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும் மூன்று புலிகளைக் கொண்டு தொடங்கும் முயற்சியில், ஓர் ஆண் புலியின் வீடு திரும்பும் வேட்கையோ, ஒரு பெண் புலியின் மலட்டுத்தன்மையோ முழு முயற்சியையும் வெற்றி அல்லது தோல்வி ஆக்கிவிடக்கூடும் என்பதில் ஐயமில்லை. பன்னாவில் பணியாளர்கள் பின்தொடர்ந்தது ஒரு தலையை அன்று. பின்னர் அக்காட்டில் பிறந்த ஒரு தலைமுறையின் தந்தையை.

களத்தில் செய்யத் தக்கவை

இவற்றிலிருந்து களப் பணியாளர் கொள்ளத் தக்க முடிவுகள் சில உள. முதலாவதாக, சிறு தொகையில் ஓர் ஆண்டின் ஏற்றத்தையோ இறக்கத்தையோ கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பல ஆண்டுகளின் போக்கே நம்பத் தக்கது. ஆனால் பொறுத்திருந்து பார்ப்பது கைகட்டி இருப்பதாகாது. எஞ்சியவற்றுள் ஆண் எத்தனை, ஈனும் பெண் எத்தனை என்பது தெரிந்தவுடன், எண் வீழ்வதற்கு முன்பே நடவடிக்கை எடுத்தல் வேண்டும். கச்சின் கானமயிலுக்கு ஏற்ற காலம் ஆண் பறவைகள் அங்கு உலவிய காலமே. ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டத்தில் 2019-இல் தொடங்கப்பெற்ற வளர்ப்பு முயற்சி, காட்டில் இரு பாலும் இருக்கும்போதே முட்டைகளைச் சேகரித்தமையால்தான் இயன்றது.

இரண்டாவதாக, குறிப்பேட்டில் எண்ணோடு அடையாளமும் இடம்பெற வேண்டும். புலியின் உடற்கோடுகள் மனிதரின் கைரேகையைப் போன்றவை. ஒன்றின் கோடுகள் மற்றொன்றுக்கு இரா. தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும் படங்களைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் காணும் முறை 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் நாடெங்கும் கையாளப்படுகின்றது. கேமரா இல்லாத இடத்திலும் யானையின் காதுக் கிழிசல், தந்தத்தின் வளைவு, மானின் கொம்பு முறிவு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் இயலும். எந்தத் தாய், எத்தனை குட்டிகளுடன், எந்நாளில், எவ்விடத்தில் காணப்பட்டது. அடுத்த முறை காணும்போது குட்டிகள் எத்தனை என்னும் ஐந்து செய்திகள் ஒரு தாளில் அடங்கும். அத்தகைய தாள்கள் பத்து ஆண்டுகள் சேர்ந்தால், எந்த விலங்கின் இழப்பை அக்காடு தாங்காது என்பது விளங்கும்.

மூன்றாவதாக, விலங்குகளை இடம் மாற்றும்போதும், புதிய இடத்தில் குடியேற்றும்போதும் ஒரே ஈற்றைச் சேர்ந்தவற்றையோ, ஒரே இடத்தில் பிறந்தவற்றையோ மட்டும் தேர்ந்தெடுக்காமல் பல குடும்பங்களிலிருந்து எடுத்தல் நன்று. ஒரே தொகையை ஒரே இடத்தில் வைப்பதினும், தொடர்புள்ள இரண்டு மூன்று இடங்களில் வைப்பது நோய்க்கும் தீக்கும் காப்பாகும்.

ஆசிரியர்கள் மேற்கூறிய மணிகளையே சிறிது மாற்றி அமைத்து வேற்றுமையின் விளைவையும் காட்டலாம். ஒரு வரிசை மாணவர் பத்துக் குட்டிகளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டட்டும். மற்றொரு வரிசையினர் இரண்டு முறை மட்டும் சுண்டி, ஒவ்வொரு முறைக்கும் ஐந்து குட்டிகளின் விதியை முடிவு செய்யட்டும். இரண்டாம் வரிசையில் நால்வருள் ஒருவரின் கூட்டம் முற்றும் அழிந்திருக்கக் காணலாம். சூத்திரங்களை மறந்துவிடும் மாணவனும் அந்த வெறுங் கரும்பலகை வரிசையை மறவான்.

கணக்கெடுப்பின் முடிவில் மேலிடத்துக்குச் செல்வது ஓர் எண்ணே. அது தவிர்க்க முடியாதது, பயனுள்ளதும் ஆகும். ஆனால் அந்த எண்ணைத் தரும் காட்டுக் காவலருக்கு அதனுள் அடங்கியவை யாவை என்பது தெரிந்திருத்தல் வேண்டும். பத்துப் புலிகள் உள்ள காடு என்பது ஒன்று. இன்ன கோடுகள் உடைய மூன்று தாய்களும், அவற்றின் ஐந்து குட்டிகளும், நீர்நிலைக்கு வடக்கே உலவும் ஓர் ஆணும், ஊர் எல்லையில் திரியும் இளம் ஆண் ஒன்றும் உள்ள காடு என்பது மற்றொன்று. இரண்டாவதாகச் சொல்லக்கூடியவரே, அடுத்த ஆண்டு எட்டு என்னும் எண் வரும்போது அது சிறு இழப்பா, பேரிழப்பா என்பதை அறிவார்.